கோடிட்ட இடத்தில் உங்கள் பிள்ளை என்ன எழுதும்?



இரத்தோட்டையிலே ஒரு வீட்டை உங்கள் மனக்கண்முன் கொண்டு வாருங்கள். மாத்தளையிலிருந்து வரும் பாதை இரத்தோட்டைக் கடைத்தெருவைக் கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகிறது. மேலே தேயிலை, கீழே வீட்டுத் தோட்டங்களிலே மிளகு, கராம்பு, சாதிக்காய். அந்தப் பாதையை விட்டு விலகி, தோட்டத்து லயம் ஒன்றின் கடைசிக் காம்பராவுக்கு நாம் போகிறோம். மாலை ஏழு மணி. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய் அடுப்படியில் ரொட்டி சுடுகிறாள். சுவரிலே இயேசுவின் திரு இருதயப் படம். அதன்முன் ஒரு சிறு விளக்கு. அதற்குக் கீழே ஏழாம் ஆண்டில் படிக்கும் மகள் ஆங்கிலப் பாடக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆசிரியை கொடுத்த வேலை எளியதுதான். ‘ஃபொண்ட்’ என்ற சொல் வரும் மூன்று வசனங்களில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். ‘ஐ ஆம் ஃபொண்ட் ஒஃப்...’ என்பது முதலாவது. ‘மை மதர் இஸ் ஃபொண்ட் ஒஃப்...’ என்பது இரண்டாவது. ‘மை ஃபாதர் இஸ் ஃபொண்ட் ஒஃப்...’ என்பது மூன்றாவது.

“ஃபொண்டுன்னா என்னாம்மா?” என்று மகள் கேட்கிறாள்.

“எனக்கு எங்க தாயி தெரியும்? டீச்சரு என்னா சொன்னாங்க?”

“ரொம்பப் பிரியமா இருக்கிறதுன்னு சொன்னாங்க.”

முதலாவது கோட்டில் ‘அம்மா’ என்று எழுதிவிட்டாள். அதற்கு யோசனை வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது கோட்டில் ‘தேத்தண்ணி’ என்று எழுதட்டுமா என்று கேட்க, தாய் சிரிக்கிறாள். மூன்றாவது கோட்டிலே பென்சில் நின்றுவிடுகிறது. அன்று சம்பள நாள். அப்பா இன்னும் வீடு வந்து சேரவில்லை. எங்கே நிற்கிறார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், தாய்க்கும் தெரியும். எழுதக்கூடிய சொல் பிள்ளையின் மனத்தில் இருக்கிறது. ஆனால், எழுத மனம் வரவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு, “பொறகு எழுதுறேன்” என்கிறாள்.

இது நானாகப் புனைந்து சொல்லும் காட்சி. ஆயினும் இப்படி ஒரு வீடு எங்குமே இல்லை என்று நம்மில் யார் சொல்ல முடியும்? லயத்தில் மட்டுமா? பட்டணத்து மாடி வீட்டிலும் கோடிட்ட இடம் உண்டு. அங்கே சாராயத்துக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி இருக்கலாம். கடைக் கணக்கு இருக்கலாம். ஊரார் மதிப்பு இருக்கலாம். ஆகவே இந்தச் சிறு ஆங்கிலச் சொல்லை இன்று சற்று நின்று நிதானித்துப் பார்ப்போம். பிறமொழிச் சொல்லாயினும் நம் வீட்டுக் குறைநிறைகளைக் காட்டும் கண்ணாடியாக அது அமைந்திருக்கிறது.

சொல்லும் வழக்கும்

ஆங்கிலத்தில் அன்பைச் சொல்ல ‘லவ்’ என்ற சொல் உண்டு. அதை நாம் தமிழில் எடுத்துக்கொண்டபோது மிகவும் சுருக்கிவிட்டோம். இளைஞனும் யுவதியும் விரும்பினால் அது ‘லவ்’. மற்ற எதற்கும் அச்சொல்லை நாம் சொல்வதில்லை. ஆங்கிலேயரோ கடவுளுக்கும், தாய்நாட்டுக்கும், மனைவிக்கும், மாம்பழத்துக்கும் அதே சொல்லைச் சொல்லுவார்கள். ‘ஃபொண்ட்’ அப்படியல்ல. அது அடக்கமான சொல். பழகிய மனிதர், பழகிய இடம், பழகிய பொருள் ஆகியவற்றின்மேல் மெல்ல மெல்ல ஊறி வளரும் பிரியத்தை அது குறிக்கிறது. பேத்திக்குப் பாட்டிமேல் இருக்கும் பிரியம், வீட்டு நாய்மேல் பிள்ளைகளுக்கு இருக்கும் பிரியம், மாலைத் தேநீர்மேல் உழைப்பாளிக்கு இருக்கும் பிரியம் எல்லாம் இதில் அடங்கும்.

இச்சொல்லின் வழக்கிலே இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, ‘நான் அன்பு செய்கிறேன்’ என்பதுபோல இதைச் செய்கையாகச் சொல்ல முடியாது. ‘நான் பிரியமாக இருக்கிறேன்’ என்று நிலையாகத்தான் சொல்ல முடியும். அது நாம் திட்டமிட்டுச் செய்வதன்று, நமக்குள்ளே தானாக உண்டாகி இருப்பது. இரண்டாவது, ‘நான் ஃபொண்ட்’ என்று சொல்லி அவ்வளவில் நிறுத்திவிட முடியாது. ‘எதன்மேல்?’ என்ற கேள்வி உடனே எழும். ஆங்கிலத்தில் ‘ஒஃப்’ என்ற சிறு சொல்லும், அதற்குப் பின்னால் ஒரு பெயரும் வந்தே தீரவேண்டும். தாயின் பெயரும் அங்கே வரலாம். சாராயத்தின் பெயரும் வரலாம். சொல் ஒன்றுதான். கோடிட்ட இடத்தில் வருவது எது என்பதிலே ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் தங்கியிருக்கின்றன.

உப்பற்றுப்போன பிரியம்

இச்சொல்லின் பழைய வரலாறு வியப்பானது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் ‘ஃபொண்ட்’ என்றால் ‘மூடத்தனமான’ என்றே பொருள். ‘ஃபொன்’ என்பது மூடனைக் குறித்த பழஞ்சொல். மூடத்தனம் என்ற பொருள் பின்பு, மூடத்தனமாகக் கொஞ்சுதல் என்று மாறியது. 1590ஆம் ஆண்டளவில்தான் ‘பிரியம் கொண்டிருத்தல்’ என்ற இன்றைய பொருள் வழக்குக்கு வந்தது. பழைய பொருள் இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. ‘ஃபொண்ட் ஹோப்’ என்று இன்றும் ஆங்கிலேயர் சொல்வது வெறும் நப்பாசையைத்தான்.

ஆங்கிலேயருக்கு மட்டுமா இந்த எண்ணம்? “பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு” என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா? பெற்றவளின் பிரியத்துக்கு நம்மவர்கள் இட்ட பெயரும் ‘பித்து’ என்பதே. எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு மொழியும், இங்கே நம் மொழியும், ஒன்றையொன்று கேளாமலே ஒரே உண்மையைக் கண்டு வைத்திருக்கின்றன. பிரியம் கணக்குப் பார்ப்பதில்லை; பார்ப்பவர் கண்ணுக்கு அது அறிவற்றதாகத் தோன்றும்.

இன்னும் ஒரு பழம்பொருளும் உண்டு. 1380ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஆங்கில எழுத்தொன்றிலே, நம் ஆண்டவர் மலைப்பொழிவில் உப்பைப் பற்றிச் சொன்னதை எடுத்துரைக்கும் இடத்தில், சாரமற்றுப்போன உப்புக்கு இந்தச் சொல்லே வருகிறது. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்திலும், உப்பு சாரமற்றுப் போவதைக் குறிக்கும் வினைச்சொல் ‘மூடன்’ என்ற சொல்லின் வேரிலிருந்து பிறந்ததுதான். சாரமற்ற உப்பும் புத்தியற்ற மனமும் அந்நாளில் ஒரே சொல்லுக்குள் அடங்கின.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்பது நம் பழமொழி. பிரியமும் ஒரு பண்டந்தான். அதற்கும் உப்பு வேண்டும். உப்பற்ற பிரியம் எப்படிக் கெடுக்கும் என்பதற்கு வேதாகமம் தரும் சாட்சி, சீலோவில் குருவாக இருந்த ஏலி. அவர் கெட்டவர் அல்லர். சிறுவன் சாமுவேலுக்கு ஆண்டவரின் குரலை இனங்காட்டிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால், தம் இரு புதல்வர்களும் ஆண்டவருக்குச் செலுத்திய காணிக்கையில் கைவைத்து அக்கிரமம் செய்தபோது, மெல்லக் கண்டித்ததோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளைப் பிரியம் அவர் கையைக் கட்டிவிட்டது. ஒரே நாளில் இரு மக்களும் போரிலே மடிந்தார்கள். செய்தி கேட்ட கிழவரும் பின்புறமாக விழுந்து உயிர்விட்டார். ஈசாக்கின் வீட்டையும் பாருங்கள். வேட்டை இறைச்சியின் ருசியால் தகப்பனுக்கு ஏசாமேல் பிரியம். தாய் ரெபேக்காவுக்கு யாக்கோபுமேல் பிரியம். முடிவு என்ன? ஏமாற்று, பகை, கொலை மிரட்டல், ஆண்டுக்கணக்கான பிரிவு. பிரியம் குறைந்ததாலா அந்த வீடு உடைந்தது? இல்லை, பங்கு தவறிய பிரியத்தால் உடைந்தது.

மிளகுக்கொடி தரும் பாடம்

உப்பு என்று நாம் சொல்வது எதை? இரத்தோட்டைப் பக்கத்து மிளகுத் தோட்டக்காரரைக் கேட்டால் விளங்கும். மிளகுக்கொடி தானாக நிற்காது. பற்றிப் படர ஒரு மரம் வேண்டும். மரமில்லாவிட்டால் கொடி மண்ணிலே கிடந்து வீணாகும். ஆனால், மரத்தைத் தழைக்க விட்டுச் சும்மா இருந்தாலும் வீண். கிளைகள் அடர்ந்து நிழல் மிகுந்தால் கொடியில் இலை இருக்கும், காய் குறைந்துவிடும். ஆகையால், தோட்டக்காரர் பருவமறிந்து மரத்தின் கிளைகளை வெட்டி வெயிலுக்கு வழிவிடுகிறார். வெட்டுவது கொடியை அன்று, மரத்தை! இதை நன்றாகக் கவனியுங்கள். பிள்ளை காய்ப்பதற்காகக் கத்தி படவேண்டியது முதலில் பெற்றோரின்மேல். ‘என் பிள்ளை அழக்கூடாது, என் பிள்ளைக்கு ஒரு குறையும் தெரியக்கூடாது, என் பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது’ என்று படர்ந்து நிற்கும் நம் ஆசைக் கிளைகளைத்தான் வெட்ட வேண்டும். பிள்ளையை அடித்து உதைப்பது இதில் சேராது. அது மரம் கொடியின்மேல் முறிந்து விழுவதைப் போன்றது.

பஸ்ஸிலும் கடையிலும் நம் சிங்கள அயலவர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அன்பு, பிரியம் என்பதற்கு அவர்கள் சொல்வது ‘ஆதரய’. நாமோ ‘ஆதரவு’ என்று சொல்கிறோம். இரண்டும் ‘ஆதரம்’ என்ற ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. மதிப்பும் அக்கறையும் என்பது அதன் பொருள். அதே சொல், அவர்கள் நாவிலே உள்ளத்தின் பிரியமாக நின்றது; நம் நாவிலே தாங்கிப் பிடிக்கும் துணையாக நின்றது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தாங்கிப் பிடிக்காத பிரியம் வெறும் கொஞ்சல். பிரியம் இல்லாமல் தாங்குவதோ வெறும் கடமை. ‘சோறு போடுகிறேன், பள்ளிக்கு அனுப்புகிறேன், இன்னும் என்ன வேண்டும்?’ என்று கேட்கும் தகப்பன்மாரே, உங்கள் ஆதரவு உண்மையானதுதான். உங்கள் முதுகு வளைந்ததை மறுப்பவர் இல்லை. ஆனால், உங்கள் பிள்ளை கோடிட்ட இடத்தில் தன் பெயரை எழுத வேண்டுமானால், அந்த ஆதரவுக்குள்ளே பிரியம் இருப்பதை அது ஒரு தடவையாவது கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

கட்டளையும் கொடையும்

இங்கே சிலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். ‘எல்லோர்மேலும் எனக்குப் பிரியம் வருவதில்லையே. என் காணியை அபகரித்தவன்மேல் எப்படிப் பிரியம் வரும்? என்னை வார்த்தையால் சுட்ட மாமியார்மேல் எப்படி வரும்? இது பாவமா?’ என்று நல்லவர்கள்கூட மனம் கலங்குவதுண்டு.

கலங்க வேண்டாம். நம் ஆண்டவர் பகைவரையும் நேசிக்கும்படி கட்டளையிட்டார். பகைவரின்மேல் பிரியம் உண்டாக வேண்டும் என்று அவர் கட்டளையிடவில்லை. ஒருவருக்கு நன்மையை விரும்புவதே அன்பு என்று புனித தோமஸ் அக்குவினார் விளக்குகிறார். விரும்புவது நம் கையிலிருக்கிறது. ஆகவே அதைக் கட்டளையிடலாம். பிரியமோ ஊற்றுநீர், தோண்டத் தோண்ட வரலாம், வராமலும் போகலாம். கட்டளையான அன்பை நீங்கள் செய்யுங்கள். உங்களுக்குத் தீங்கு செய்தவன் நோயுற்றால் மருந்து வாங்கிக் கொடுங்கள். அவன் பெயரைக் கெடுக்காதீர்கள். அவனுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். பிரியம் வந்தால் அது தேவ கொடை. வராவிட்டாலும் நீங்கள் கட்டளையை மீறியவர் ஆகமாட்டீர்கள்.

ஆனால், அருகிலே இருந்து அன்பைச் செய்துகொண்டிருப்பவருக்குப் பெரும்பாலும் அந்தக் கொடையும் கிடைத்துவிடுகிறது. நமது மலைநாட்டின் அப்போஸ்தலரான புனித யோசப் வாஸ் அடிகளாரை நினைத்துக்கொள்ளுங்கள். கோவாவில் பிறந்த அவருக்கு இந்தத் தீவிலே சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. 1687ஆம் ஆண்டில் மாறுவேடத்தில் வந்து இறங்கினார். 1692ஆம் ஆண்டில் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறைவைத்தார்கள். 1697ஆம் ஆண்டில் கண்டியிலே பெரியம்மை பரவியது. சொந்தக்காரரே நோயாளரைக் கைவிட்டு ஓடிய அந்நாட்களில், அடிகளார் ஓடவில்லை. சமயம் பாராமல் நோயாளரைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தவரை அடக்கம் செய்தார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வந்தவர், வந்த இடத்து மனிதர்மேல் பிரியம் கொண்டவராகவே நிலைத்துவிட்டார். கோவாவுக்குத் திரும்பாமல் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

அருகிலிருப்பதன் அருமையை நம் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று கணக்கிட்டுப் பிரித்தார்கள். அந்தக் கணக்கிலே அண்ணன் ஒரு கரையும் தம்பி ஒரு கரையும் ஆன குடும்பங்கள் உண்டு. மூன்று தலைமுறையாக வியர்வை சிந்திய மலையை விட்டுப் போனவர்கள், போன இடத்திலும் அந்த மலையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடவுச்சீட்டு தேசத்தை மாற்றலாம், பிரியத்தை மாற்றாது. இன்றும் எத்தனை தாய்மார் அரபு நாடுகளில் அந்நியர் பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டு, தம் பிள்ளையின் முகத்தைத் தொலைபேசியிலே பார்க்கிறார்கள்! அந்தத் தாய்மாரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. வறுமை அவர்களைக் கடல் கடத்தியது. ஆனால், அவர்கள் அனுப்பும் பணத்தைக் கையில் வாங்கும் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை: அந்தப் பணத்தின் ஒவ்வொரு சதமும் உங்கள் பிள்ளை பெறாமல் விட்ட ஒரு முத்தத்தின் விலை. அது தவறணைக்குப் போகலாமா?

கடவுளின் பித்து

இனி, நம் விசுவாசத்தின் மையத்துக்கு வருவோம். கடவுள் நம்மை நேசிக்கிறார் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். நம் நன்மையை விரும்புகிறார் என்பது அதன் பொருள். ஆனால், கடவுளுக்கு நம்மேல் பிரியமும் உண்டா? பாட்டிக்குப் பேத்திமேல் இருப்பதுபோன்ற, கணக்குப் பாராத அந்தப் பித்து உண்டா?

உண்டு என்பதற்காகவே அவர் மனிதரானார். 1956ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் திரு இருதய பக்தியைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலே, இயேசுவின் இருதயம் மூவகை அன்புக்கு அடையாளம் என்று போதித்தார். பிதாவோடும் பரிசுத்த ஆவியோடும் அவர் பகிர்ந்துகொள்ளும் தேவ அன்பு ஒன்று. அவருடைய மனித ஆன்மாவிலே பொழியப்பட்ட பரம அன்பு மற்றொன்று. மூன்றாவது, நம்மைப்போன்ற உடலும் உணர்வும் கொண்ட அவருடைய மனித உள்ளத்தின் பாசம். ஆகவே, உங்கள் வீட்டுச் சுவரிலே தொங்கும் படத்தில் நீங்கள் காண்பது வெறும் கருத்தை அல்ல. துடித்த ஒரு இருதயத்தை. லாசரின் கல்லறையருகே அழுத இருதயம் அது. சீடர்கள் அதட்டியும் கேளாமல் பாலகரை அள்ளி அணைத்துக்கொண்ட இருதயம் அது. தம் சொந்த உறவினரே, ‘இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்று பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள் என மாற்கு எழுதி வைத்திருக்கிறார். பித்தன் என்ற பெயரை நம் ஆண்டவரும் சுமந்தார்!

ஊதாரி மைந்தனின் தந்தையை நினைத்துப் பாருங்கள். சொத்திலே தன் பங்கை அழித்துவிட்டு வருகிறவனைத் தூரத்திலேயே கண்டு, வயதையும் மரியாதையையும் மறந்து தெருவிலே ஓடுகிறார். ஊரார் கண்ணுக்கு அது பித்து. ஆனால், அந்தப் பித்திலே உப்பு இருந்தது. மகன் போக வேண்டும் என்று அடம்பிடித்தபோது கட்டிவைக்கவில்லை. அவன் பின்னாலேயே பணம் அனுப்பிக்கொண்டிருக்கவும் இல்லை. பன்றிகளின் தவிட்டிலே அவன் படிக்க வேண்டிய பாடத்தைப் படிக்க விட்டார். மூத்தவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றபோதும் அவனைத் தேடி வெளியே வந்தார். அவன் கோபத்துக்கு இணங்கி விருந்தை நிறுத்தவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே தந்தையாக நின்றார். கடவுளின் மடமை மனிதரின் ஞானத்தைவிட மேலானது என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதன் உட்பொருள் இங்கே விளங்குகிறது அல்லவா? ஆங்கிலச் சொல் பிறந்த பழைய பொருளையும் வளர்ந்த புதுப் பொருளையும் சிலுவையிலே ஒன்றாகக் காண்கிறோம். மடமையாகத் தோன்றிய பிரியம். உலகை மீட்ட பிரியம்.

இன்று மாலையே

ஆகவே, அன்பான குடும்பத் தலைவர்களே, தாய்மாரே, மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் கோடிட்ட இடத்தைச் சோதித்துப் பாருங்கள். நாள் முழுவதும் உங்கள் மனம் தானாக ஓடிப்போய் நிற்கும் இடம் எது? அதன் பெயரை ஒரு தாளிலே எழுதுங்கள். எழுத வெட்கமாக இருந்தால், அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியது அதுவே. குடிப்பழக்கம் உள்ளவர் தனியே போராட வேண்டாம். மனைவியிடம் சொல்லுங்கள், உங்கள் பங்குச் சுவாமியிடம் சொல்லுங்கள், வைத்திய உதவியையும் நாடுங்கள். அது வெட்கமல்ல.

இரண்டாவது, பிரியத்தைச் சொல்லுங்கள். நம் தகப்பன்மார் பிள்ளை தூங்கிய பிறகுதான் அதன் தலையைத் தடவுவார்கள். விழித்திருக்கும்போது தடவினால் என்ன குறைந்துவிடும்? ‘நல்லாப் படிச்சியா தாயி?’ என்ற ஒரு கேள்வியை, பதில் கேட்கப் பொறுமையோடு கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு முகம், மந்தமான பிள்ளைக்கு ஒரு முகம் என்று வைத்திராதீர்கள்.

மூன்றாவது, உப்பிடுங்கள். பிள்ளை கேட்டதெல்லாம் கொடுப்பது பிரியமென்று எண்ணாதீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். ‘இல்லை’ என்று சொன்னால் அடுத்த நிமிடம் ‘ஆம்’ ஆக்காதீர்கள். மாலையிலே திரு இருதயப் படத்தின் முன்னால் வீட்டாரெல்லோரும் ஒன்றாக முழந்தாளிடுங்கள். ஒரு பத்து மணி செபமாலை சொன்னாலும் போதும். தகப்பன் முழந்தாளிடுவதைக் கண்ட பிள்ளை அதை மறக்காது.

இரத்தோட்டையிலே நாம் விட்டு வந்த அந்தக் காம்பராவுக்குத் திரும்புவோம். கொப்பி மூடிக் கிடக்கிறது. நாளைக் காலையிலே பிள்ளை அதைத் திறந்து ஆசிரியையிடம் காட்ட வேண்டும். அப்பா இன்னும் வரவில்லை. ஆனால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ரொட்டியில் அவர் பங்கும் அடுப்போரத்தில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. கடைத்தெருவிலே நிற்கும் அந்தத் தகப்பன் நீங்களானால், இந்த வரிகளை வாசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வீட்டுக்குப் போங்கள். பிள்ளை தூங்கியிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன தாயி எழுதுற?” என்று கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தபின் அவள் தன் பெயரையே அந்தக் கோட்டின்மேல் எழுதிவிடுவாள்.

இயேசுவின் மதுரமான திரு இருதயம் நம் இல்லங்களில் ஆட்சி செய்வதாக. ஆமென்.